கூழாங்கல்லைத் திரும்பப் போட்டவர்

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். குழாய்க்குள்ள தண்ணி வேகமா போற இடத்துல அழுத்தம் குறையும்னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஒரு சமன்பாடு படிச்சிருப்பீங்களே, அந்த பெர்னூலி வேற. அவர் பேர் டேனியல். ப்ராபபிலிட்டி பேப்பர்ல பெர்னூலி ட்ரயல்னு வருதே, அதுக்குப் பேர் கொடுத்தவர் டேனியலோட பெரியப்பா, யாக்கோப் பெர்னூலி. பெரியப்பா இறந்தப்போ டேனியலுக்கு 5 வயசு. அந்த வீட்டுல மூணு தலைமுறைக்குள்ள ஏழெட்டுப் பேர் கணக்கில பேர் வாங்கிட்டாங்க. அதனால எந்த பெர்னூலின்னு கேட்டுக்கிறது எப்பவும் நல்லது.

யாக்கோப்பை இந்த இதழுக்கு ஏன் இழுத்துட்டு வர்றேன்னா, செமஸ்டர் தவறாம வர்ற ஒரு ரெண்டு மார்க் கேள்வி இருக்கு. ஒரு சோதனையைக் கொடுத்து, இது பைனோமியலா இல்லையா, காரணம் சொல்லுன்னு கேட்பாங்க. நாமளும் நாலு நிபந்தனையை மனப்பாடமா வச்சிருப்போம். முயற்சிகளோட எண்ணிக்கை முன்கூட்டியே முடிவாகி இருக்கணும். ஒவ்வொரு முயற்சிக்கும் ரெண்டே முடிவு. வெற்றியோட நிகழ்தகவு எல்லா முயற்சியிலும் ஒண்ணா இருக்கணும். ஒரு முயற்சி இன்னொண்ணைப் பாதிக்கக் கூடாது. நாலுக்கும் டிக் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். முதல் ரெண்டும் பார்த்தாலே தெரியும். கடைசி ரெண்டும் அப்படியில்ல. அந்த ரெண்டோடயும் ஒரு மனுஷன் இருபது வருஷம் மல்லுக்கட்டியிருக்கார், புத்தகத்தை முடிக்காமலே போயிட்டார். அவர் கதைதான் இது.

யாக்கோப் பிறந்தது சுவிட்சர்லாந்தோட பாசெல் நகரத்துல. நாம இப்போ பயன்படுத்துற காலண்டர்படி 1655 ஜனவரி 6. ஆண்ட்வெர்ப் ஊர்ல ஸ்பானிய ஆட்சி புராட்டஸ்டண்ட்களைத் துரத்தினப்போ தப்பி வந்த குடும்பம். தொழில், வாசனைச் சரக்கு வியாபாரம். அப்பா ஊர்ல செல்வாக்கானவர், நகர சபையிலும் இருந்தவர். பையன் பாதிரியார் ஆகணும்னு அவருக்கு ஆசை. பையனும் சொன்னதைச் செஞ்சார்: 1671ல தத்துவத்துல பட்டம், 1676ல இறையியல்ல பட்டம். ஆனா நடுவுல திருட்டுத்தனமா கணக்கும் வானியலும் படிச்சுக்கிட்டே இருந்தார். அப்பா சொல்லைத் தட்டி நட்சத்திரம் பார்க்கிறேன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு லத்தீன் வாசகத்தையே தனக்கு முத்திரையா வச்சுக்கிட்டார். வீட்டுல சொன்ன கோர்ஸ்ல சேர்ந்துட்டு வேற எதையோ ராத்திரியில படிக்கிறவங்க நம்ம ஹாஸ்டல்லயும் இருக்காங்க. முத்திரை வச்சுக்கிற தைரியம்தான் கம்மி.

பட்டம் வாங்கினதும் ஊரை விட்டுக் கிளம்பிட்டார். ஜெனீவாவில ட்யூஷன் வாத்தியாரா வேலை. அங்க பார்வை இல்லாத ஒரு பொண்ணுக்கு எழுதக் கத்துக்கொடுத்திருக்கார். அப்புறம் பிரான்ஸ், நெதர்லாந்து, இங்கிலாந்து. ஆம்ஸ்டர்டாம்ல ஹூட், லண்டன்ல பாயில், ஹூக்னு அந்தக் காலத்துப் பெரிய தலைகளைப் பார்த்தார். வால்நட்சத்திரம் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அந்தக் கொள்கை தப்பு. ஆனா வால்நட்சத்திரம் வர்றதை முன்கூட்டியே கணிக்க முடியும்ங்கிற நம்பிக்கை அதுல இருந்தது. அடுத்தது எப்போ வரும்னு தெரியாத ஒண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கணும்ங்கிற அந்தப் பிடிவாதம் கடைசிவரை அவரை விடல.

1683ல பாசெல் திரும்பி பல்கலைக்கழகத்துல இயந்திரவியல் பாடம் எடுத்தார். 1687ல கணிதப் பேராசிரியர் ஆனார், சாகிறவரைக்கும் அதே நாற்காலி. லைப்னிட்ஸ் 1684ல கால்குலஸ் பத்தி வெளியிட்ட கட்டுரை அப்போ யாருக்கும் லேசுல புரியாத சமாச்சாரம். அதை யாக்கோப்பும் அவரைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவனான தம்பி யோஹானும் சேர்ந்து உட்கார்ந்து பிரிச்சு மேய்ஞ்சாங்க. தம்பிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான். அப்புறம் தம்பி அண்ணனை மிஞ்சணும்னு நினைக்க, அண்ணன் அதை ஒத்துக்க மாட்டேன்னு நிக்க, ரெண்டு பேரும் பத்திரிகைகள்ல மாத்தி மாத்தி சவால் கணக்கு விட்டு ஊர் சிரிக்கச் சண்டை போட்டாங்க. அந்தச் சண்டையை எழுதினா இன்னொரு கட்டுரை ஆகும், விட்டுடுவோம். கூட்டு வட்டியை இன்னும் இன்னும் சின்ன இடைவெளியில சேர்த்துக்கிட்டே போனா என்ன ஆகும்னு பார்த்து, விடை 2க்கும் 3க்கும் நடுவுல நிக்கும்னு காட்டினதும் யாக்கோப்தான். நம்ம கால்குலேட்டர்ல இருக்கிற 2.718 அதுதான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். 1657ல டச்சு அறிஞர் ஹைகன்ஸ், சூதாட்டக் கணக்குகளைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டிருந்தார். கடைசியில அஞ்சு பயிற்சிக் கணக்கு. அதுல ரெண்டாவது இது: 12 சில்லு இருக்கு, 4 வெள்ளை, 8 கறுப்பு. மூணு பேர் கண்ணை மூடிக்கிட்டு வரிசையா ஒவ்வொரு சில்லா எடுக்கிறாங்க. முதல்ல வெள்ளை எடுக்கிறவர் ஜெயிச்சார். மூணு பேருக்கும் வாய்ப்பு என்ன விகிதம்?

நீங்களே போட்டுப் பாருங்களேன். போடும்போது ஒரு இடத்துல கை நிக்கும். எடுத்த கறுப்புச் சில்லைத் திரும்ப உள்ளே போடணுமா, வெளியே வச்சுடணுமா? கேள்வியில அது இல்ல. ஹைகன்ஸுக்கும் ஹூடுக்கும் நடுவுல கடிதப் போக்குவரத்துல விடை ஒத்துப் போகாததுக்கு இதுதான் காரணம். ஒருத்தர் திரும்பப் போட்டார், இன்னொருத்தர் போடல.

யாக்கோப் தன் புத்தகத்தோட முதல் பகுதியில ஹைகன்ஸோட அந்தச் சின்ன நூலை முழுசா அச்சடிச்சு, வரிக்கு வரி விளக்கம் எழுதினார். இந்தக் கணக்குக்கு வந்ததும் அவர் செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். எது சரியான அர்த்தம்னு சண்டைக்குப் போகல. கேள்வியை மூணு விதமா படிக்கலாம்னு சொல்லி மூணையும் தனித்தனியா போட்டார். திரும்பப் போட்டா விகிதம் 9:6:4. பொதுவா இருக்கிற 12ல இருந்து எடுத்து வெளியே வச்சா 77:53:35. ஆளுக்கு 12 சில்லு தனித்தனியா வச்சுக்கிட்டு எடுத்தா அது மூணாவது கணக்கு. ஒரே கேள்வி, ஒரே சில்லு, ஆனா வேற வேற சோதனை.

இதைத்தான் நாம பரீட்சையில கோட்டை விடுறோம். 20 பல்பு இருக்கிற பெட்டியில 5 பழுது, 4 பல்பு எடுக்கிறோம்னு கேள்வி வந்தா, நாலு முயற்சி, நல்லது அல்லது பழுது, நிகழ்தகவு கால்னு விறுவிறுன்னு எழுதிடறோம். ஆனா எடுத்த பல்பை யாரும் திரும்பப் பெட்டியில போடறதில்ல. முதல் பல்பு பழுதுன்னு தெரிஞ்சா ரெண்டாவது பழுதா இருக்க வாய்ப்பு 4/19. முதல்ல நல்லது வந்திருந்தா 5/19.

இங்க நுணுக்கமா ஒண்ணு இருக்கு, கைடுல இதைத் தெளிவா சொல்றதில்ல. முதல் பல்பைப் பார்க்காம அப்படியே ஓரமா வச்சுட்டீங்கன்னா, ரெண்டாவது பழுதா இருக்க வாய்ப்பு இன்னமும் கால்தான். சந்தேகமா இருந்தா 1/4ஐ 4/19ஆலயும் 3/4ஐ 5/19ஆலயும் பெருக்கிக் கூட்டிப் பாருங்க. அப்போ இங்க நிகழ்தகவு மாறுதுன்னு எழுதறது முழுசா சரியில்ல. உடையறது நாலாவது நிபந்தனை, அதாவது ஒண்ணோட முடிவு இன்னொண்ணைப் பத்தித் தகவல் சொல்லக் கூடாதுங்கிறது. மூணாவதும் நாலாவதும் வேற வேற நிபந்தனை. மூணாவது தனியா உடையறது எப்படி இருக்கும்னு கொஞ்ச நேரத்துல பார்ப்போம். அதைக் கிளப்பினவர் லைப்னிட்ஸ்.

திரும்பப் போடற வழியைப் பிடிச்சுக்கிட்டா யாக்கோப்புக்குக் கணக்கு சுலபமா விரிஞ்சது. ஒவ்வொரு முயற்சியிலும் வெற்றிக்கு இத்தனை வழி, தோல்விக்கு இத்தனை வழி, மொத்தம் இத்தனை முயற்சி, அதுல குறைஞ்சது இத்தனை வெற்றி வர வாய்ப்பு என்னன்னு பொதுவான சூத்திரத்தை அந்த விளக்கக் குறிப்புகள்லயே எழுதிட்டார். இன்னிக்கு நாம பைனோமியல்னு எழுதறதும், தமிழ் மீடியத்துல படிச்சவங்க ஈருறுப்புப் பரவல்னு எழுதறதும் அதுதான். ஹைகன்ஸ் சில்லு ஆட்டத்தைத் திரும்பப் போட்டு ஆடினாலும் அது பைனோமியல் ஆகாதுங்கிறதையும் கவனிச்சுக்குங்க. வெள்ளை வந்ததும் ஆட்டம் நின்னுடும், எத்தனை முயற்சின்னு முன்னாடியே தெரியாது.

சூதாட்டத்தோட நிறுத்தியிருந்தா யாக்கோப் நிம்மதியா இருந்திருப்பார். சில்லுலயும் தாயக்கட்டையிலும் நிகழ்தகவு முன்கூட்டியே தெரியும், எண்ணினா போதும். ஆனா ஒரு இருபது வயசுக்காரன் பத்து வருஷத்துக்குள்ள சாக வாய்ப்பு என்ன? நாளைக்கு மழை வர வாய்ப்பு? அங்க எண்ணறதுக்கு எதுவும் கண்ணுல படாது. அப்போ திருப்பிப் போட முடியுமா? பல தடவை நடந்ததைப் பார்த்து, உள்ளே இருக்கிற விகிதத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? நிறையப் பார்த்தா நல்லா தெரியும்னு எந்த முட்டாளுக்கும் தெரியும்னு அவரே ஒத்துக்கிறார். அவருக்கு வேண்டியது நிரூபணம். எத்தனை பார்த்தா எவ்வளவு உறுதி? அதுக்குத்தான் இருபது வருஷம்.

அவர் எடுத்த உதாரணம் ஒரு குடம். உள்ளே 3000 வெள்ளைக் கூழாங்கல், 2000 கறுப்பு. வெளியில இருக்கிறவருக்கு அது தெரியாது. ஒவ்வொண்ணா எடுத்து, நிறத்தைக் குறிச்சுக்கிட்டு, திரும்ப உள்ளே போட்டுட்டு அடுத்ததை எடுக்கணும். எடுத்ததுல வெள்ளையோட பங்கு 29/50க்கும் 31/50க்கும் நடுவுல இருக்க, ஆயிரத்துக்கு ஒண்ணுங்கிற அளவுக்கு உறுதி வேணும்னா எத்தனை தடவை எடுக்கணும்? அவர் கணக்குல 25,550.

இந்த எண்ணைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. குடத்துல இருக்கிறதே 5000 கல்தான். திரும்பப் போடலைன்னா அஞ்சாயிரத்தோட குடம் காலி. ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காலத்து பாசெல் ஊரோட மொத்த ஜனத்தொகையே 25,550ஐ விடக் குறைவு. ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் எண்ணினாலும் அவர் கேட்ட உறுதி வராது. நாம இன்னிக்கு நார்மல் அப்ராக்ஸிமேஷன் வச்சுப் போட்டா சுமார் 6,500 தடவையே போதும். ஆனா அது அவருக்கு அப்புறம் வந்த ஆயுதம். கையில இருந்ததை வச்சு அவர் எட்டின தூரமே பெரிசு. பெருவாரி எண்களின் விதிக்கு முதல் நிரூபணம் இதுதான்.

1703ல இருந்து லைப்னிட்ஸோட இதைப் பத்திக் கடிதம் போகுது, வருது. யாக்கோப் உடம்பு அப்போ நல்லா இல்ல. ஒரு உதவி கேட்டார்: ஹாலந்து அரசியல்வாதி யான் டி விட் 1671ல ஆயுள் ஓய்வூதியத்தைப் பத்தி ஒரு சின்ன நூல் போட்டிருந்தார். நிஜ மனுஷங்களோட சாவைக் கணக்காக்கின நூல். அதோட பிரதி லைப்னிட்ஸ்கிட்ட இருந்தது. யாக்கோப் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் எங்கேயோ வச்சுட்டேன், தேடறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். கடைசிவரை வரல. நோட்ஸ் கேட்டா இதோ அனுப்பறேன்னு சொல்ற நண்பர்கள் எல்லாக் காலத்துலயும் உண்டு போல.

நூலுக்குப் பதிலா ஒரு ஆட்சேபம் வந்தது. அது நல்ல ஆட்சேபம். இதுவரைக்கும் செத்தவங்களை எவ்வளவு எண்ணினாலும் இனிமே இயற்கை அதே விகிதத்துக்குக் கட்டுப்படும்னு என்ன உத்தரவாதம், புதுசு புதுசா நோய் வருதேன்னு லைப்னிட்ஸ் கேட்டார். அதாவது, குடத்துக்குள்ள இருக்கிற விகிதமே மாறிக்கிட்டு இருந்தா? நீங்க எடுத்த கல்லை ஒழுங்கா திரும்பப் போடறீங்க. ஆனா ராத்திரியில யாரோ வந்து கறுப்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா கொட்டிட்டுப் போறாங்க. ஒரு கல் இன்னொரு கல்லைப் பாதிக்கல, நாலாவது நிபந்தனைக்கு ஒரு குறையும் இல்ல. உடையறது மூணாவது.

யாக்கோப் மழுப்பல. மனுஷ உடம்பையே ஒரு குடமா நினைச்சுக்கலாம், அதுக்குள்ள நோய்கள் கல்லு மாதிரி இருக்குன்னு பதில் எழுதினார். விகிதம் காலத்தோட மாறினா, இன்னிக்குப் பார்த்ததை வச்சு ஜலப்பிரளயத்துக்கு முன்னாடி வாழ்ந்தவங்க ஆயுசைக் கணக்குப் போடறவன் ஏமாந்துதான் போவான்னும் ஒத்துக்கிட்டார். அதுக்கு வழி, புதுசா திரும்பப் பார்க்கிறது. குடத்துல கல் மாறியிருக்கலாம்னு சந்தேகம் வந்தா மறுபடி எடுக்கிற மாதிரி. இந்த பதில் லைப்னிட்ஸுக்குத் திருப்தியா இருந்துச்சான்னா, முழுசா இல்ல. என்னைக் கேட்டா இது பாதி பதில்தான். எப்போ மாறுச்சுன்னு தெரியாம எப்போ மறுபடி எடுக்கத் தொடங்குறது? ஒரு மெஷின்ல காலையில வர்ற பாகங்களையும் சாயங்காலம் டூல் தேய்ஞ்சப்புறம் வர்ற பாகங்களையும் ஒரே எண்ணிக்கையில சேர்த்து 100க்கு இத்தனை பழுதுன்னு எழுதறவங்களுக்கு இதே சிக்கல்தான். ஆனா அந்தச் சிக்கல் எந்த நிபந்தனையில ஒளிஞ்சிருக்குன்னு விரல் வச்சுக் காட்ட முடிஞ்சதே, அந்தக் கடிதங்களைப் படிக்கிறப்போ அதுதான் பெரிய விஷயமாத் தெரியுது.

1705 ஆகஸ்ட் 16 அன்னிக்கு யாக்கோப் இறந்தார். வயசு 50. ஹாலந்துல பேராசிரியரா இருந்த தம்பி யோஹான் குடும்பத்தோட ஊருக்குத் திரும்பிக்கிட்டு இருந்தார், வழியிலேயே செய்தி கிடைச்சது. வந்து அண்ணனோட நாற்காலியில உட்கார்ந்தார். மடக்கைச் சுருள்னு ஒண்ணு யாக்கோப்புக்கு உயிர். எப்படி மாத்தினாலும் திரும்ப அதே வடிவமா வரும்னு ரசிச்சு, தன் கல்லறையில அதைச் செதுக்கணும்னு ஆசைப்பட்டார். பாசெல் பேராலயத்துல அந்தக் கல் இன்னும் இருக்கு. ஆனா சிற்பி செதுக்கினது வேற சுருள். மடக்கைச் சுருள்ல வெளியே போகப் போகச் சுற்றுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி ஒரே விகிதத்துல பெருகணும். கல்லுல இருக்கிறதுல இடைவெளி கிட்டத்தட்ட ஒரே அளவு. தூரத்துல இருந்து பார்த்தா ரெண்டும் சுருள்தான்.

கையெழுத்துப் பிரதி எட்டு வருஷம் கிடந்தது. யோஹான் கையில சிக்கினா என்ன ஆகுமோன்னு யாக்கோப் வீட்டுக்காரங்களுக்குப் பயம். நடுவுல இன்னொரு தம்பியோட மகன் நிக்கோலஸ், அதுல இருந்து எடுத்து 1709ல சட்டத்துல ஒரு ஆய்வேடு எழுதினார். ஒரு வழியா 1713ல நிக்கோலஸோட முன்னுரையோட 'ஆர்ஸ் கான்ஜெக்டாண்டி' வெளிவந்தது. ஊகிக்கும் கலைன்னு அர்த்தம். நாலாம் பகுதிக்குத் தலைப்பு, இந்தக் கலையைச் சமூக, ஒழுக்க, பொருளாதார விஷயங்கள்ல பயன்படுத்தறதுன்னு இருக்கு. உள்ளே அந்தப் பயன்பாடு இல்ல. 25,550ம், இன்னும் அதிக உறுதிக்கு 31,258ம், 36,966ம் போட்டுட்டு, கொஞ்ச வரியோட பகுதி நின்னுடுது.

ஆனா புத்தகத்தோட பின்னாடி, பிரெஞ்சு மொழியில ஒரு நண்பருக்கு எழுதின மாதிரி ஒரு நீளமான கடிதத்தைச் சேர்த்திருக்காங்க. டென்னிஸோட தாத்தாவான பழைய பந்தாட்டத்தைப் பத்தினது, 15, 30ன்னு புள்ளி எண்ணற அதே ஆட்டம். அங்க குடமும் இல்ல, கல்லும் இல்ல, ரெண்டு ஆளுங்கதான். யார் எவ்வளவு கெட்டிக்காரர்னு யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. ரெண்டு பேர் ஆடறதை 200, 300 புள்ளி வரைக்கும் உட்கார்ந்து எண்ணுங்க, ஒருத்தர் மத்தவரைவிட எத்தனை மடங்கு திறமைன்னு ஓரளவு சொல்லிடலாம்ங்கிறார். அதை வச்சு, திறமை குறைஞ்சவருக்கு எத்தனை புள்ளி முன்கூட்டி விட்டுக்கொடுத்தா ஆட்டம் சமமா இருக்கும்னு கணக்குப் போடறார்.

அடுத்த தடவை கோர்ட் ஓரமா உட்காரும்போது நீங்களும் எண்ணிப் பாருங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் ரெண்டே முடிவு, சரி. 300 புள்ளின்னு நீங்களே முடிவு பண்ணிக்கிட்டா எண்ணிக்கையும் சரி. ஒரு கேம் மட்டும்னா அது எத்தனை புள்ளியில முடியும்னு தெரியாது, டிக் போட முடியாது. ஒரு புள்ளி போனதுல கடுப்பாகி அடுத்த பந்தையும் வலையில அடிக்கிறவர்னா நாலாவதுல சந்தேகம். 250 புள்ளிக்கு மேல மூச்சு வாங்குதுன்னா மூணாவதுல.